பாப் வீடியோக்களில் குண்டு உடல்: காட்டுவதை விட மறைப்பதுதான் பெரிய கதை

கேள்வி இது: டெய்லர் ஸ்விஃப்ட் தன் ‘ஆன்டி-ஹீரோ’ வீடியோவிலிருந்து எடை மெஷின் காட்சியை எடுத்தது தேவையில்லாத பயம்தானே? பாப் வீடியோக்களில் குண்டானவர்கள் மேல் வெறுப்பு இருக்கிறது என்கிறார்களே, அது நிஜமா, இல்லை சும்மா கிளப்பிவிடுவதா?

சுருக்கமாகச் சொன்னால், எடுத்ததில் தப்பில்லை; எடுத்ததால் பெரிதாக ஒன்றும் மாறவும் இல்லை. வெறுப்பு நிஜம்தான். திட்டாக வருவது அதில் சின்னப் பங்கு. யாரை முழுசாகக் காட்டுவது, யாரை இருட்டில் நிறுத்துவது, யார் குரலுக்கு யாரை வாயசைக்க வைப்பது என்று ஷூட்டிங்குக்கு முன்பும் எடிட்டிங்கிலும் எடுக்கிற முடிவுகளில்தான் அது முக்கால்வாசி இருக்கிறது. வீடியோ எடிட் செய்வது என் பிழைப்பு என்பதால் அந்தப் பக்கத்தைத்தான் நீட்டிப் பேசப்போகிறேன். முதலில் எடை மெஷினை முடித்துவிடலாம்.

2022 அக்டோபர் 21 அன்று ‘மிட்நைட்ஸ்’ ஆல்பத்தோடு வந்தது அந்த வீடியோ. எழுதி இயக்கியது ஸ்விஃப்டே. அவரும் அவருடைய இன்னொரு வடிவமும் ஒரே வீட்டில் குடித்துக்கொண்டு, கூத்தடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு ஷாட்டில் அவர் எடை மெஷினில் ஏறிக் குனிந்து பார்ப்பார். முள் எந்த எண்ணிலும் நிற்காது. எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘குண்டு’ என்று பொருள்படும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் இருக்கும். இன்னொரு ஸ்விஃப்ட் அதை எட்டிப் பார்த்து ஏமாற்றத்தோடு தலையை ஆட்டுவார். குண்டானவர்கள் பலர் கொதித்தார்கள். ஒரு வாரத்துக்குள் முதலில் ஆப்பிள் மியூசிக்கிலும் அப்புறம் யூடியூபிலும் மெஷினின் அந்த முகப்பைக் காட்டும் ஷாட் சத்தமில்லாமல் காணாமல் போனது. இப்போது பார்த்தால் அந்த ஏமாற்றப் பார்வை மட்டும் மிச்சம் இருக்கும்.

இதில் இரண்டு தரப்புக்கும் நியாயம் உண்டு. ஸ்விஃப்டுக்குச் சாப்பாடு சார்ந்த மனநலக் கோளாறு இருந்தது. 2020-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘மிஸ் அமெரிக்கானா’ ஆவணப்படத்தில் அவரே அதைச் சொல்கிறார். தன் வயிறு பெரிதாகத் தெரியும் ஒரு போட்டோவைப் பார்த்தாலோ, கர்ப்பமா என்று யாராவது எழுதினாலோ, உடனே சாப்பாட்டை நிறுத்திவிடத் தோன்றும் என்கிறார். பதினெட்டு வயதில் ஒரு பத்திரிகை அட்டையிலேயே அந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார்களாம். அப்படிப்பட்டவர் தன் தலைக்குள் ஓடும் மோசமான எண்ணத்தைப் படமாக எடுத்தால், அதை வெட்டச் சொல்வது நோயாளியின் வாயை அடைப்பது மாதிரி என்று அவர் ரசிகர்கள் வாதாடினார்கள். மறுதரப்பு சொன்னது எளிமையானது: உன் நோய் உனக்கு நிஜம், ஆனால் நீ கெட்ட கனவாகக் காட்டுவது நான் தினமும் குளித்துத் துவட்டி வெளியே கூட்டிக்கொண்டு போகும் உடம்பு.

எனக்கு இது படமெடுக்கிறவரின் தேர்வில் வந்த பிசகு என்றுதான் படுகிறது. முள் ஒரு சாதாரண எண்ணில் நின்று, அதைப் பார்த்து அவர் முகம் வாடியிருந்தால் கதை அவருடையதாகவே இருந்திருக்கும். ‘இவ்வளவு ஒல்லியாக இருக்கிறவர் இந்த எண்ணுக்கா கலங்குகிறார்’ என்று நோயின் கோணல் நமக்கே விளங்கியிருக்கும். எண்ணை எடுத்துவிட்டு அந்தச் சொல்லை வைத்ததும் மெஷின் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிட்டது. அந்தச் சொல்லே போதும், வேறு எந்தக் கெட்ட செய்தியும் வேண்டாம் என்று வீடியோ பார்ப்பவரோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாதவர்கள் கத்தத்தான் செய்வார்கள். அதனால் எடுத்தது சரி. அதற்காக வருஷக்கணக்கில் சண்டை போடும் அளவுக்குப் பெரிய குற்றமும் இல்லை.

பெரிய குற்றங்கள் வேறு இடத்தில் நடந்திருக்கின்றன. அதற்கு மார்த்தா வாஷ் என்ற பாடகியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோக்காரர். சர்ச்சில் பாடி வளர்ந்த கறுப்பினப் பெண், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். 1970-களின் கடைசியில் டிஸ்கோ பாடகர் சில்வெஸ்டருக்குப் பின்னால் நின்று பாடிய ஜோடியில் ஒருவர், இன்னொருவர் இஸோரா. இருவரும் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர் ‘டூ டன்ஸ் ஓ ஃபன்’. ‘ரெண்டு டன் ஜாலி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் கேலி செய்வதற்கு முன் தாங்களே சொல்லிவிட்டால் தொல்லை விட்டது என்ற கணக்கு. பிறகு ‘வெதர் கேர்ள்ஸ்’ என்று பெயர் மாற்றி 1982-ல் ‘இட்ஸ் ரெய்னிங் மென்’ பாடினார்கள். பெரிய பாடகிகள் பலர் வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டு அது. இன்றைக்கும் உலகம் முழுக்கக் கல்யாண பார்ட்டிகளில் ஓடுகிறது. அதன் வீடியோவில் இரண்டு பேரும் முழுசாக நிற்பார்கள், சிரிப்பார்கள், வானத்திலிருந்து ஆண்கள் விழுவார்கள். மலிவான செலவில் எடுத்த வீடியோதான், ஆனால் பாடினவர்கள் அதில் இருந்தார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1990-க்கு வாருங்கள். ‘பிளாக் பாக்ஸ்’ என்ற இத்தாலியக் குழுவுக்கு மார்த்தா ஸ்டூடியோவில் பாடிக் கொடுத்தார். கூலிக்குப் பாடிய வேலை. ‘எவ்ரிபடி எவ்ரிபடி’ உட்படப் பல பாட்டுகள் அந்தக் குரலில் வந்து ஹிட் ஆயின. ஆல்பம் அட்டையிலும் வீடியோவிலும் கத்ரின் கினோல் என்ற ஒல்லியான பிரெஞ்சு மாடல் வாயசைத்தார். மார்த்தாவின் பெயர் எங்கும் இல்லை. அதே சமயத்தில் ‘சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி’ என்ற அமெரிக்கக் குழுவின் ‘கான்னா மேக் யூ ஸ்வெட்’ வந்தது. பெயரைக் கேட்டால் ஞாபகம் வராது. ‘எவ்ரிபடி டான்ஸ் நவ்!’ என்று ஒரு பெண் குரல் இடி மாதிரி இறங்குமே, அதுதான். நம் ஊர் கல்லூரி விழாக்களில்கூட அலறிய பாட்டு. 1991 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அந்த இடியும் மார்த்தா வாஷ்தான். வீடியோவில் அதற்கு வாய் திறப்பவர் ஜெல்மா டேவிஸ் என்ற இளம் பெண். அவரும் பாடத் தெரிந்தவரே. அந்த ஆல்பத்தின் வேறு பாட்டுகளை அவரே பாடியிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மார்த்தா தன் குரலை டிவியில் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டார். வழக்குப் போட்டார். பிளாக் பாக்ஸ் விவகாரம் சமரசமாகி, அந்தப் பாட்டுகளை வெளியிட்ட நிறுவனமே அவருக்கு ஒரு ஆல்பம் ஒப்பந்தம் கொடுத்தது. ‘கான்னா மேக் யூ ஸ்வெட்’டை வெளியிட்ட சோனி மீதான வழக்கு 1994-ல் சமரசமானது. அதன் ஒரு பகுதியாக, அந்த வீடியோவில் குரல் மார்த்தா வாஷ் என்றும் ‘விஷுவலைசேஷன்’ (அதாவது திரையில் தெரியும் உருவம்) ஜெல்மா டேவிஸ் என்றும் குறிப்பு போட, பாட்டு வீடியோ சேனலான எம்டிவியிடம் கேட்க வேண்டியதாயிற்று. பாடகர் பெயரை ஆல்பத்திலும் வீடியோவிலும் ஒழுங்காகப் போடும் வழக்கம் அமெரிக்க இசைத் தொழிலில் இறுகியதற்கு இந்த வழக்குகளை ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

இதே காலத்தில்தான் ‘மில்லி வனில்லி’ விவகாரமும். இரண்டு அழகான பையன்கள் வேறு யாரோ பாடியதற்கு வாயசைத்தார்கள் என்று தெரிந்து 1990 நவம்பரில் அவர்களுடைய கிராமி விருதைப் பிடுங்கினார்கள். உலகமே சிரித்தது, திட்டியது. அங்கேயும் உள்ளே பாடியவர்கள் சற்று வயதானவர்கள், ‘முகவெட்டு’ இல்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களே. ஏமாந்தது ரசிகன் என்றால் விருதைப் பறிக்கிறார்கள். ஏமாந்தது ஒரு குண்டுப் பெண் என்றால் அவளே வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம்மில் பலருக்கு இங்கே ஒரு குழப்பம் வரலாம். ஒருவர் பாட இன்னொருவர் வாயசைப்பது நமக்குச் சாப்பாடு மாதிரி பழகிய விஷயம். சினிமாவே அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் நம் பின்னணிப் பாடகருக்குப் பெயர் வருகிறது, மேடை கிடைக்கிறது, நடிகை பாடவில்லை என்பது தியேட்டரில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். மார்த்தாவுக்கு நடந்தது வேறு. பாடினது இவள்தான் என்று இன்னொருத்தியைக் காட்டி விற்றார்கள்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்த விபத்தும் இல்லை. 1993-ல் ரேவன்-சிமோன் என்ற குழந்தை நட்சத்திரத்துக்கு ஒரு பாட்டு எழுதி, அதில் ராப்பும் பாடினார் இருபது சொச்சம் வயதுப் பெண் ஒருவர். வீடியோ வந்தபோது அவர் பாடிய பகுதிக்கு வேறொரு ஒல்லியான பெண் வாயசைத்துக்கொண்டிருந்தார். தோற்றம் சரிப்படாது என்பதுதான் காரணம். அந்த எழுத்தாளர் பெயர் மிஸ்ஸி எலியட். அதுவரை பெரிதாக யாருக்கும் தெரியாதவர்.

நான்கு வருஷம் கழித்து, 1997-ல், அவருடைய சொந்தப் பாட்டு ‘தி ரெய்ன்’ வந்தது. இயக்குநர் ஹைப் வில்லியம்ஸ், உடை அலங்காரம் ஜூன் ஆம்ப்ரோஸ். மிஸ்ஸி போட்டுக்கொண்டிருப்பது பளபளக்கும் கறுப்பு உடை. பெரிய குப்பைப் பை மாதிரி காற்றடைத்து ஊதியிருக்கும். காற்றடிக்கப் பெட்ரோல் பங்குக்குப் போனார்களாம். ஊதிய பிறகு காருக்குள் நுழைய முடியாமல் அதே கோலத்தில் தெருவில் நடந்து செட்டுக்கு வந்ததாக மிஸ்ஸியே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அந்த உடையை எடுத்த லென்ஸையும் கவனியுங்கள். மீன்கண் லென்ஸ். அதற்குக் கிட்டே எது வந்தாலும் பந்து மாதிரி உப்பிவிடும், ஓரங்கள் வளைந்துவிடும். பெரிய உடம்பை எடுக்கும்போது எந்த கேமராமேனும் தொடத் தயங்குகிற லென்ஸ் அது. ஊதிய உடைக்கு முன்னால் ஊதிக் காட்டும் லென்ஸை வைத்து, அதற்கு நேராக முகத்தைக் கொண்டுவந்து பாடுகிறார் மிஸ்ஸி. உடம்பை மறை என்றவர்களுக்கு இதைவிட உறைக்கிற பதில் பாப் வீடியோவில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பார்க்கவும் அவ்வளவு ஜோர். நன்றாக இருக்கிறது என்பதால்தான் ஜெயித்தது, நியாயமாக இருக்கிறது என்பதால் மட்டும் இல்லை. 2023-ல் இசைச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்த முதல் பெண் ஹிப்ஹாப் கலைஞர் ஆனார்.

வாய்க்கு வேறு ஆளைப் போட முடியாதபடி பாடகி ஏற்கெனவே பிரபலமாக இருந்தால் என்ன செய்வார்கள்? அதற்குத்தான் கேமரா இருக்கிறது. சியாட்டில் பக்கத்து ‘ஹார்ட்’ குழுவை எடுத்துக்கொள்வோம். அக்கா ஆன் வில்சன் பாடுவார், தங்கை நான்சி கிட்டார் வாசிப்பார். 1977-ல் ‘பாராகூடா’ பாடியபோது ஆனுக்கு நிகராக ராக் இசையில் குரல் கொடுக்கப் பெண்கள் குறைவு. 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி தொடங்கியது. சில வருஷத்தில் ஆனுக்கு எடை கூடியது. 1985-க்குப் பிறகு குழு மறுபடி உச்சத்துக்கு வந்தபோது, அவருடைய உருவத்தால் விற்பனை கெடும் என்று கம்பெனியிலிருந்து நெருக்கடி. வீடியோக்களில் நான்சியை முன்னே தள்ளினார்கள். ஆன் பின்னாலும் இருட்டிலுமாகத் தெரிவார்.

1987-ல் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்த ‘அலோன்’ வீடியோவை ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் என் தொழில்காரர்களின் கைவேலை அத்தனையும் தெரியும். பாடுவது ஆன். அவருக்கு நெருக்கமான முக ஷாட்கள், கறுப்பு உடை, பின்னாலும் இருட்டு. கறுப்பு மேல் கறுப்பு வைத்தால் உடம்பின் ஓரக்கோடு கரைந்துபோகும். லைட்டை ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் விழவைத்தால் மீதியைக் கண் தேடாது. உடம்பும் கூந்தலும் துள்ளலும் வேண்டிய இடத்தில் நான்சிக்கு வெட்டிவிடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இவை எல்லாம் சாதாரண ராக் வீடியோ உத்திகள். கதையை இருட்டில் சொல்லக் கூடாது என்று சட்டம் இல்லை. பாடுகிறவரை விட வாசிக்கிறவருக்கு உடம்பு அதிகம் கிடைக்கிறது என்பதைக் கணக்குப் போடும்போதுதான் விஷயம் பிடிபடும். அந்த வருஷங்களில் ஆனுக்கு மேடையேறும் முன் பதற்ற நோய் வரும் அளவுக்குப் போனது. கோடிக்கணக்கானவர் கேட்கும் குரலுக்குச் சொந்தக்காரர் தன் வீடியோவில் தானே மறைந்து நிற்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு எடை மெஷின் ஷாட் சில்லறை விவகாரமாகப் படுகிறது.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. இருட்டில் நிறுத்த வேண்டிய அவசியமே போனது. 2016 மே மாதம் மேகன் ட்ரெய்னரின் ‘மீ டூ’ வீடியோ வெளியானது. வந்த அன்றே அவரே அதை இறக்கச் சொன்னார். தன்னைக் கேட்காமல் இடுப்பை ஒல்லியாக்கியிருக்கிறார்கள், என் இடுப்பு அவ்வளவு சின்னது இல்லை என்று ஸ்னாப்சாட்டில் போட்டு உடைத்தார். மறுநாள் நிஜ இடுப்போடு வீடியோ திரும்ப வந்தது. உடம்பைக் கொண்டாடுகிறேன் என்று பெயர் வாங்கிய பாடகியின் இடுப்பையே அவருக்குத் தெரியாமல் வெட்டினார்கள் என்றால், கேட்டு வெட்டுகிற இடங்களில் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். இடுப்பின் இரண்டு பக்கமும் புள்ளி வைத்து, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அது நகர்வதை மென்பொருள் பின்தொடரும்படி செய்து, அந்த இடத்தை உள்ளே இழுப்பார்கள். மாட்டிக்கொள்வது பின்னணியில். இடுப்புக்குப் பக்கத்தில் கதவு நிலை, கைப்பிடிக் கம்பி, டைல்ஸ் கோடு என்று நேராக ஏதாவது இருந்தால் அதுவும் சேர்ந்து வளையும். ஆள் நகர்ந்ததும் கம்பி நிமிரும். இன்றைக்கு இது ஃபோனிலேயே லைவாக நடக்கிறது. கல்யாண வீடியோ வேலைகளில் ‘பொண்ணு கையை மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்துவிடுங்க’ என்பது எங்களுக்குச் சாதாரணக் கோரிக்கை. பெரும்பாலும் பெண்ணின் அம்மாதான் கேட்பார், பெண் பக்கத்தில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளிடம் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்று சொல்லப் பழகியிருக்கிறேன். பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள்.

சரி, குண்டு உடம்பைப் புகழும் வீடியோக்கள் இல்லையா? இருக்கின்றன. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு: சதை இருக்கலாம், சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். 1992-ல் சர் மிக்ஸ்-எ-லாட் பாடிய ‘பேபி காட் பேக்’ பெரிய பின்புறத்தைப் போற்றியது. அன்றைய ஃபேஷன் பத்திரிகைகளின் எலும்பு அழகுக்கு எதிராக, கறுப்பினப் பெண்களின் உடல்வாகுக்கு ஆதரவாக அது பேசியது என்பதை மறுக்க முடியாது. அதே பாட்டு இடுப்பு மட்டும் சின்னதாக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. 2014-ல் எட்டு வாரம் அமெரிக்க முதலிடத்தில் இருந்த ட்ரெய்னரின் ‘ஆல் அபவுட் தட் பேஸ்’ ஒல்லிப் பெண்களை ஒரு இடி இடித்துவிட்டு, ஆண்களுக்குச் சதை பிடிக்கும், கவலைப்படாதே என்று ஆறுதல் சொல்கிறது. ஆண்களுக்குப் பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்தப் பாட்டில் பதில் இல்லை.

குண்டு என்றாலே காமெடி என்ற இன்னொரு வகையும் உண்டு. ‘வியர்டு அல்’ யாங்கோவிக் 1988-ல் மைக்கேல் ஜாக்சனின் ‘பேட்’ பாட்டைக் கிண்டல் செய்து ‘ஃபேட்’ எடுத்தார். ஒல்லியான மனிதர் ரப்பர் உடம்பு மாட்டிக்கொண்டு ஆடுவார். அதற்கு கிராமியும் கிடைத்தது. ஜாக்சன் சம்மதத்தோடு வந்த, யாரையும் குறிவைக்காத கோமாளித்தனம் என்று சிலர் விட்டுவிடுவார்கள். எனக்குப் பழைய நகைச்சுவையை நீதிமன்றத்துக்கு இழுப்பதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: மேலே சொன்ன ஆன் வில்சனை இருட்டில் நிறுத்திய அதே காலம்தான் அது. குண்டு உடம்பு வெளிச்சத்துக்கு வர ரப்பராக இருக்க வேண்டியிருந்தது.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் பாடகர் சாம் ஸ்மித் தன்னை ஆண் பெண் என்ற இரண்டிலும் அடக்கிக்கொள்ளாதவர், பையனாக வளர்க்கப்பட்டவர். பன்னிரண்டு வயதில் தனக்குக் கொழுப்பு உறிஞ்சும் அறுவை சிகிச்சை செய்ததை 2019-ல் சொன்னார். பன்னிரண்டு வயதில்! 2023 ஜனவரியில் ‘ஐம் நாட் ஹியர் டு மேக் ஃப்ரெண்ட்ஸ்’ வீடியோவில் இறுக்கமான கோர்செட்டும் மினுக்கும் உடைகளுமாக ஒரு மாளிகையில் ஆடினார். ஆபாசம், குழந்தைகள் பார்க்கக் கூடாது என்று பிரிட்டனில் ஒரே கூச்சல். அதில் எவ்வளவு பாலினக் கசப்பு, எவ்வளவு உடம்புக் கசப்பு என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் தட்டை வயிற்றோடு இதைவிடக் குறைவான துணியில் ஆடும் வீடியோக்கள் வாரத்துக்கு நாலு வருகின்றன. அவற்றுக்கு இந்தக் கூச்சல் வருவதில்லை என்று அவருக்காகப் பேசியவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு கட்டாயம் வரும் எதிர்க்கேள்வி ஒன்று உண்டு: குண்டாக இருப்பது உடம்புக்குக் கெடுதல்தானே, அதைப் பெருமையாகக் காட்டலாமா? முதலில், பாட்டு வீடியோ ஆஸ்பத்திரி இல்லை. சிகரெட், குடி, தலைதெறிக்கும் கார் எல்லாம் ஓடுகிற திரையில் திடீரென்று ஒருவர் வயிற்றுக்கு மட்டும் டாக்டர் ஆகிவிடுவது விந்தை. இரண்டாவது, பாப் இசையில் மெலிய முயன்று செத்தவர் நமக்குத் தெரியும். கேரன் கார்ப்பென்டர் 1983 பிப்ரவரியில் இறந்தபோது வயது 32. பட்டினி நோய் இதயத்தைத் தின்றிருந்தது. மூன்றாவது, கேவலப்படுத்தினால் ஆள் இளைப்பார் என்பதே தப்புக் கணக்கு. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களைச் சில வருஷம் தொடர்ந்து கவனித்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், எடைக்காகப் பாகுபாட்டுக்கு ஆளானவர்கள் பின்னால் மிகைப் பருமனுக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைப் போல இரண்டரை மடங்கு இருந்தது.

படம் பார்த்தெல்லாம் உடம்பு மேல் வெறுப்பு வருமா என்று கேட்பவர்களுக்கு: வரலாம் என்பதற்கு ஃபிஜி தீவு ஆய்வு ஒரு நல்ல சாட்சி. மேற்கு ஃபிஜியின் ஒரு பகுதிக்கு 1995-ல்தான் டிவி வந்தது. சதைப்பற்றான உடம்பே ஆரோக்கியம், வசதி என்று நினைக்கும் ஊர். ஆன் பெக்கர் என்ற மருத்துவர் பள்ளி மாணவிகளிடம் அப்போதும் 1998-லும் அதே கேள்விகளைக் கேட்டார். சாப்பாட்டுக் கோளாறு இருக்கலாம் என்று காட்டும் மதிப்பெண் வாங்கியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமானார்கள். எடை குறைக்க வாந்தி எடுப்பவர் 1995-ல் யாரும் இல்லை, 1998-ல் 11.3 சதவீதம். ஒவ்வொரு முறையும் அறுபது சொச்சம் பேர்தான், அவர்கள் பார்த்தது பெரும்பாலும் அமெரிக்க சீரியல்கள். பாட்டு வீடியோ மீது அப்படியே ஏற்றிவிடக் கூடாது. ஆனால் ‘வெறும் படம்தானே’ என்று சொல்வதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்றைக்கு நிலைமை எப்படி? கேமரா கொஞ்சம் திருந்தியிருக்கிறது, கீழே இருக்கும் கமென்ட் பெட்டி திருந்தவில்லை. 2021 ஆகஸ்டில் பாடகி லிஸ்ஸோவும் ராப் பாடகி கார்டி பியும் சேர்ந்து ‘ரூமர்ஸ்’ வீடியோ வெளியிட்டார்கள். கிரேக்கக் கோயில் மாதிரி செட், தங்க நிறம், லிஸ்ஸோ நடு நாயகமாக, அவரைப் போலவே பெரிய உடம்புக்காரிகள் சுற்றிலும் ஆடுவார்கள். மறைப்பு வேலை எதுவும் இல்லை. அடுத்த சில நாளில் இனவெறியும் உருவக் கேலியும் கலந்து வந்து குவிந்ததில் அவர் இன்ஸ்டாகிராம் லைவில் அழுதுவிட்டார். ஃபேஸ்புக் நிறுவனம் தலையிட்டு அந்தக் கமென்ட்களில் பலவற்றை நீக்கியது. அந்தக் காலத்தில் ஒரு கம்பெனி அதிகாரி அறைக்குள் சொன்னதை இப்போது லட்சம் பேர் வெளியே சொல்கிறார்கள். ஒரு வகையில் இது மேல். குறைந்தபட்சம் யார் சொல்கிறார்கள் என்று பாடகிக்குத் தெரிகிறது, பதில் சொல்ல வாயும் இருக்கிறது.

‘ஆன்டி-ஹீரோ’வில் அந்த ஷாட்டைத் திரும்ப வைக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம், வைக்காவிட்டால் பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அதைவிட அந்த வீடியோவையும் உங்களுக்குப் பிடித்த மற்ற வீடியோக்களையும் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பின்வரிசையைப் பாருங்கள். ஆடுகிறவர்களில் ஒருவராவது நீங்கள் பஸ்ஸில் பார்க்கும் உடல்வாகில் இருக்கிறாரா, இருந்தால் அவருக்குச் சிரிப்பு ஷாட் தவிர வேறு ஏதாவது கிடைக்கிறதா என்று.

பொறுமை இருந்தால் சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரியின் இரண்டு வீடியோக்களை அடுத்தடுத்துப் பாருங்கள். முதலில் ‘கான்னா மேக் யூ ஸ்வெட்’. அடுத்து, சமரசம் நடந்த அதே 1994-ல் வந்த ‘டூ யூ வான்னா கெட் ஃபங்கி’. இரண்டாவதில் மார்த்தா வாஷ் பெயரோடு வருகிறார், அவரே பாடி, அவரே திரையில் நிற்கிறார். ஜெல்மா டேவிஸும் கூட இருக்கிறார். பாட்டு முதலாவது அளவுக்கு இல்லை என்பது என் கருத்து.